பயன்: மற்றவை

ஆபர்டீன் கடலிலிருந்து மூடுபனி ஏறிவரும் காலைகளில்
எங்கள் நூலகத்தின் ஒற்றை ஜன்னலுக்குப்
பார்க்க எதுவும் இருப்பதில்லை.
முன்பு இது சலவைக்கூடம்.
மனநல மருத்துவமனையின் போர்வைகள் எல்லாம்
இங்கேதான் வெளுத்தன.
இப்போது ஆய்விதழ்கள், இரண்டு கணினி,
சூடேறினால் முனகும் ஒரு நகல் இயந்திரம்.
ஈரம் மட்டும் பழைய குடித்தனக்காரனைப் போல
காலி செய்ய மறுக்கிறது.

இங்கே நோயாளிகள் வருவதில்லை.
அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வருகிறார்கள்,
நேரமில்லாதவர்கள் படிவம் அனுப்புகிறார்கள்.
பேசாதவரிடம் எத்தனை நாள் பேசிப் பார்க்கலாம்.
சாப்பாட்டில் விஷம் என்கிறவருக்கு முன்னால்
நாமும் ஒரு வாய் உண்டு காட்டலாமா.
கேட்டது மோர்வென் பெட்ரியிடம், அதாவது என்னிடம்.
நான் சொல்வதில்லை.
யார் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்வேன்.

திங்கட்கிழமை வந்த படிவம்
விடிகாலை நான்கு பத்துக்கு எழுதப்பட்டது.
இஷ்பெல் கெடிஸ், இரவுப் பணி, மூன்றாம் வார்டு.
பயன் என்ற இடத்தில்
நோயாளி பராமரிப்பு, படிப்பு, ஆய்வு
எதையும் தொடாமல்
'மற்றவை'யில் ஒரு டிக்.
கேள்வி ஒரே வரி:
ஒருவர் இறந்துபோன கட்டிலை
எத்தனை நாள் காலியாக வைக்கலாம்?

தேடுவது என் தொழில்.
ஒரு சொல்லைக் கூப்பிட்டால்
அதன் பங்காளிகளையும் சேர்த்தே கூப்பிட வேண்டும்.
மரணம் அல்லது இறப்பு அல்லது இழப்பு
மற்றும்
கட்டில் அல்லது படுக்கை
மற்றும் காலி
தவிர குழந்தைகள்.
கணினி நானூற்றுப் பன்னிரண்டு என்றது.
அத்தனையிலும் படுக்கை என்பது ஓர் எண்.
ஒரு நாள் சும்மா கிடந்தால்
எத்தனை பவுண்டு நஷ்டமென்று
வளைகோடு போட்டுக் காட்டியிருந்தார்கள்.
காலியைத் தேடினால்
கணக்குப்பிள்ளைகள்தான் வருகிறார்கள்.

காலியை எடுத்துவிட்டுத் துக்கம் என்று போட்டேன்.
ஊழியர் என்று சேர்த்தேன்.
'தவிர'வை அழித்தேன்.
பதினொன்று மிஞ்சியது.
பதினொன்றாவது நார்வேக்காரி ஒருத்தியின் ஆய்வேடு,
எனக்குத் தெரியாத மொழி.
ட்ரோம்சோ நூலகத்துக்கு எழுதினேன்.
ராக்ன்ஹில்ட் என்றொருத்தி, முகம் தெரியாது,
மதிய உணவு வேளையில்
அறுபத்து மூன்றாம் பக்கத்தை
மொழிபெயர்த்து அனுப்பினாள்:
எங்களுக்கும் விதி எதுவும் இல்லை.
ஓர் இரவு ஜன்னலைத் திறந்து வைத்தோம்.

எங்கள் வார்டு ஜன்னல்கள்
பத்து சென்டிமீட்டருக்கு மேல் திறக்காது.
அதற்கான ஆதாரங்கள் பதினேழு.
ஆறு வருடத்துக்கு முன் நிர்வாகம் கேட்டபோது
நான்தான் தேடிக் கொடுத்தேன்.
நல்ல தேடல் என்று பாராட்டுக் கடிதமும் வந்தது.
அவை காப்பாற்றியிருக்கின்றன. அதுவும் உண்மை.

எல்லாவற்றையும் உறையிலிட்டு அனுப்பினேன்.
நாள் எண்ணிக்கை எதுவும் கிடைக்கவில்லை
என்று மேலே எழுதினேன்.
மன்னிக்கவும் என்று எழுதி,
அந்தத் தாளைக் கிழித்து,
மறுபடி எழுதினேன்.

வியாழன் காலை அவளே வந்தாள்,
எண்ணெய்த் தாளில் சுற்றிய உப்புவெண்ணெய் ரொட்டியோடு.
படுக்கை செவ்வாய் மதியமே நிரம்பிவிட்டது, என்றாள்.
பீட்டர்ஹெட்டிலிருந்து ஒரு பையன்.
ஷூவின் கயிறுகளை வாங்கி வைக்கும்போது
எனக்கு முன்னால் இங்கே யார் இருந்தது
என்று கேட்டானாம்.
நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.
அந்தக் கேள்விக்குப் படிவம் கிடையாது.

ரேடியேட்டர் பக்கத்து நாற்காலியில்
மூன்றாம் பக்கத்தைப் பிரித்தபடி தூங்கிப்போனாள்.
கழுத்தில் அடையாள அட்டை
மூச்சோடு ஏறி இறங்கியது.
நகல் இயந்திரத்தை அணைத்தேன்.
மாத அறிக்கையில் அவள் வரிசைக்கு நேரே
'விடை கிடைத்ததா' என்ற கட்டம்
இன்னும் வெள்ளையாக இருந்தது.

தொலைபேசி. ஐந்தாம் வார்டு.
லித்தியம் எடுக்கிற ஒருவருக்குப் பல்வலி,
எந்த மாத்திரை ஆகும், அவசரம்.
அதற்கு நிறையவே இருக்கிறது,
பத்து நிமிடத்தில் அனுப்புகிறேன் என்றேன்,
அவள் விழித்துக்கொள்ளாத குரலில்.